பேக்கரிக்காரர் காரின் இடது பக்கம்

அன்புள்ள மகளுக்கு,

கேட்காமல் கடிதம் எழுதுவதற்கும், எழுதும்போது இப்படி ஆரம்பித்ததற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். மகள் என்று எழுதுவதா பெயரை எழுதுவதா என்று மூன்று தாளைக் கிழித்தாயிற்று, நான்காவதையும் வீணாக்க மனம் வராமல்தான் இதை இப்படியே விட்டேன். உனக்கும் எனக்கும் எட்டு வயதுதான் வித்தியாசம். உன் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது, அதில் மூன்று வருடம் நீ அங்கே இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை அப்பா பேசி முடித்துவிட்டு போனை என்னிடம் நீட்டும்போது சாப்பிட்டாயா என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வருவதில்லை, நீயும் பாவம் ஒவ்வொரு வாரமும் சாப்பிட்டேன் என்று பதில் சொல்கிறாய். எனக்கு இருக்கிற வாயெல்லாம் எழுத்தில்தான். தவிர போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்பார், இது அவர் பக்கத்தில் இல்லாமல் சொல்ல வேண்டிய விஷயம்.

இங்கே நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்காலைத் தவிர. நீயும் அங்கே சளி, இருமல் ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலை மருத்துவரிடம் காட்டினோம், குத்தவைத்து உட்கார வேண்டாம் என்றார், டிங்கர் வேலை செய்கிறவரிடம் போய் அப்படிச் சொன்னால் என்ன செய்வது, தலையை ஆட்டிவிட்டு வந்து மறுநாள் காலையிலேயே ஒரு காரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். சமையலறைக் கூரை ஒழுகின இடத்தைச் சரி செய்துவிட்டோம், இப்போது அதற்கு இரண்டடி தள்ளி ஒழுகுகிறது. நான் பட்டறையில் அந்தக் கண்ணாடி அறையில்தான் இருக்கிறேன், இன்சூரன்ஸ் பாரம் நிரப்புவது, உதிரிப் பாகம் வரவழைப்பது எல்லாம் இப்போது நான்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் என்று என் அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், அந்தப் பட்டம் இப்போது உன் பெரியப்பா டீ குடித்த டம்ளரை எந்தத் தாளின் மேல் வைக்கலாம் என்று தேடும்போது தாள் எடுத்துக் கொடுக்க உதவுகிறது.

உன் பெரியப்பாவைப் பற்றித்தான் எழுத வந்தேன், சுற்றி வளைத்துப் பயனில்லை. நீ இருந்த காலத்தில் வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்திருந்தார் என்று அப்பா சொன்னார், இப்போது அது மட்டும்தான் அவர் செய்கிற வேலை. பையில் மூன்று பேனா, மூன்றும் எழுதாது, நான் எழுதிப் பார்த்திருக்கிறேன். கார் உள்ளே வந்ததும் விரல் முட்டியால் கதவில் இரண்டு தட்டுத் தட்டி காதைச் சாய்த்துக் கேட்டு ம்ம் என்பார், வந்தவர்கள் அவருக்கு என்னவோ கேட்டுவிட்டது என்று பயந்துவிடுவார்கள். டாக்டர் என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. ஊசி போடத் தெரியாத டாக்டர். ஊசி போடுவதெல்லாம் உன் அப்பா. பத்து நாளாக, வண்டியைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்டின் மேல் ஒரு பெரிய கருப்புக் கார் நிற்கிறது, அதற்கு ஒரு வியாதியும் இல்லை, தெருவில் போகிறவர்கள் பார்த்து இங்கே இந்த மாதிரி வண்டியெல்லாம் வருகிறதே என்று நினைக்க வேண்டுமாம். யாராவது கேட்டால் அப்சர்வேஷனில் வைத்திருக்கிறேன் என்கிறார். சிரிக்காமல் சொல்கிறார், அதுதான் அவருடைய திறமை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூலைக் கடை பேக்கரிக்காரரை உனக்கு ஞாபகம் இருக்கும், உயரமாக, எப்போதும் புருவத்தில் மாவோடு இருப்பார். அவருடைய காரை ஒரு லாரி பின்னோக்கி வந்து இடித்துவிட்டது. இடது பக்கம் பின்கதவு முடிகிற இடத்திலிருந்து விளக்கு வரைக்கும் உள்ளே போய்விட்டது, தட்டி எடுக்க முடியாது, பேனலையே, அந்தப் பக்கத்து வெளித்தகடு முழுவதையுமே, மாற்ற வேண்டும் என்று இன்சூரன்ஸ்காரர்களே சொல்லிவிட்டார்கள். வண்டிக் கம்பெனியிலிருந்து புதுப் பேனல் ஆள் உயரப் பெட்டியில் வந்தது. நீ அங்கே தொழிற்சாலையில் தினமும் வெல்டிங்கைச் சோதிக்கிறவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் நான் புரிந்துகொண்டது சரிதானா என்று நீ பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இந்தப் பேனலை போல்ட் போட்டு மாட்ட முடியாது, காரின் உடம்போடு பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள், பழையதின் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்துக் கழற்றிவிட்டு, உள்தகட்டை நேராக்கிவிட்டு, புதியதை வைத்துக் கிளாம்ப் போட்டு, கதவையும் டிக்கி மூடியையும் மாட்டி மூடித் திறந்து இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெல்டிங்கைத் தொட வேண்டும். கம்பெனியின் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பக்கங்களை நான் தமிழில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன், இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார், கடைசியில் இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான், ஆனா இவ்வளவு அழகா யாரும் சொன்னதில்ல என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

பழைய பேனலை அப்பா கழற்றியதை நீ பார்த்திருக்க வேண்டும். அடித்தகட்டில் ஒரு ஓட்டைகூட விழாமல் மேல்தகட்டை மட்டும் துளைத்து எடுத்தார், கடைசியில் அது ஆரஞ்சுத் தோல் மாதிரி கையோடு வந்துவிட்டது. அதோடு நல்லது முடிந்தது. பெயிண்ட்காரர் அவருடைய தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்தது, அவர் போவதற்கு முன்னால் கதவுகளுக்காவது பெயிண்ட் அடித்து வைக்கட்டும், நேரம் மிச்சம் என்று உன் பெரியப்பா பின்கதவைக் கழற்றி பெயிண்ட் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டார். லிஃப்டில்தான் அந்தக் கருப்பு நோயாளி படுத்திருக்கிறதே, அதனால் பேக்கரிக்காரர் காரின் பின்பக்கத்தை ஒரே ஒரு ஜாக்கியில் ஏற்றி அதன் மேல் ஒரு மரக்கட்டையை வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் முழுவதும் வெட்டித் திறந்து கிடக்கிற காரை ஒற்றை முனையில் தூக்கி நிறுத்தினால் அது கோணாமல் என்ன செய்யும், பெட்டியின் ஒரு பலகையை எடுத்துவிட்டு மூலையைப் பிடித்துத் தூக்குகிற மாதிரிதானே. வெல்டிங் படிக்காத எனக்கே தெரிகிறது. அப்பா சொன்னார், கண்ணாடி வழியாக நான் கேட்டேன், அண்ணே கீழ இறக்கி, கதவ வரவழைச்சு மாட்டிப் பாத்துட்டு வைக்கலாம்ணே என்றார். அதற்கு உன் பெரியப்பா சொன்ன பதிலை அப்படியே தருகிறேன், டேய், கதவுதாண்டா காருக்கு அடங்கணும், காரு கதவுக்கு அடங்கக் கூடாது, நீ வை. சொல்லிவிட்டு ஏதோ பெரிய தத்துவம் சொன்னது போல என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

உன் அப்பா வைத்தார். எனக்கு அவர் மேலும் கோபம்தான், அதை மறைக்கவில்லை. அவருக்கு வாய் இருக்கிறது, வீட்டில் கூரை ஒழுகுவதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார், அண்ணன் முன்னால் போனால் மட்டும் அந்த வாயையும் யாரோ வெல்டிங் வைத்து மூடிவிட்டது போல ஆகிவிடுகிறது. அது போதாது என்று முதல் பொட்டு விழுந்ததுமே உன் பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எதுக்குடா இத்தன பொட்டு, கம்பெனிக்காரன் மெஷின்ல வைக்கிறான், அவனுக்கு என்ன வலிக்கவா போகுது, நமக்கு ஒண்ணு விட்டு ஒண்ணு போதும் என்றார். ஒன்று விட்டு ஒன்று. சட்டைக்குப் பித்தான் தைக்கிற தையற்காரர் அப்படிச் செய்தால் கடைவாசலில் சண்டை போடுவார் இவர்.

மறுநாள் காரைக் கீழே இறக்கிக் கதவை மாட்டினார்கள். மேலே இரண்டு விரல் போகிற அளவு இடைவெளி, கீழே கதவு பேனலில் முட்டிக்கொண்டு புதுப் பெயிண்ட் கீறிவிட்டது. அப்போது உன் பெரியப்பா செய்த வைத்தியத்தைக் கேள். கதவுக் கீலுக்கு நடுவில் ஒரு மரத்துண்டைக் கொடுத்துவிட்டு, பத்து வருடமாக எந்த வேலைக்கும் பயன்படுத்தாத தன் இடுப்பால் கதவை ஓர் இடி இடித்தார். மூன்றாவது இடியில் கதவு மூடிக்கொண்டது, பயத்தில் மூடிக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன். மிச்சமிருந்த கோணலுக்கெல்லாம், பள்ளத்தை மறைக்கிற பட்டியைப் பூசித் தேய்த்துவிட்டார்கள், சில இடத்தில் பட்டி ரொட்டித் துண்டு கனத்துக்கு இருக்கிறது. பாத்தியாம்மா, படிப்பு வேற, அனுபவம் வேற என்று என்னிடம் வந்து சொன்னார். வெள்ளைச் சட்டையில் இடுப்புப் பக்கம் பட்டி ஒட்டியிருந்தது, நான் சொல்லவில்லை, அன்று முழுவதும் அப்படியே வருகிறவர்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தார். இந்த நான்கு வருடத்தில் அவரை எதிர்த்து நான் செய்த ஒரே காரியம் அதுதான்.

பேக்கரிக்காரர் தினமும் காலையில் சைக்கிளில் ரொட்டி போட்டுவிட்டுத் திரும்பும்போது பட்டறையில் நிற்பார், ஒரு காகிதப் பையில் ரொட்டி கொண்டுவந்து தருவார், உன் பெரியப்பா அதைக் காணிக்கை மாதிரி வாங்கிக்கொள்வார். டாக்டர் கையில குடுத்துட்டேன், இனிமே எனக்கென்ன கவல என்று அந்த மனிதர் சொல்லும்போது எனக்குத் தலையைத் தூக்க முடிவதில்லை. அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் பின்சீட்டில்தான் உட்காருவார்கள், சின்னவள் இடது பக்கம், கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு போவாள், நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கும் தெருவுக்கும் நடுவில் இருப்பது ஒன்று விட்டு ஒன்று வைத்த பொட்டும் பட்டியும்தான். அவரிடம் நானே சொல்லியிருக்கலாம். சொன்னால் கெடுவது உன் பெரியப்பாவின் பெயர் அல்ல, வெல்டிங் வைத்த கை உன் அப்பாவுடையது. வேலை முடிந்ததற்கான இன்சூரன்ஸ் பாரத்தில், தயாரிப்பாளர் சொன்ன முறைப்படி இணைத்தேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவதும் அவர்தான், டாக்டர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை, பேனாதான் எழுதாதே. அந்தப் பாரத்தை டைப் அடித்து என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். அந்த வரியை டைப் அடித்ததும் நான்தான். ஆகவே நான் ஒன்றும் சுத்தமானவள் என்று நினைத்துவிடாதே, அவரைக் கேவலமாக நினைத்துக்கொண்டே அவருக்கு வேண்டியதை எல்லாம் பிழையில்லாமல் அடித்துக் கொடுக்கிறவள் நான்.

போன வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் ஒரு சாக்குக்கட்டியையும் எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன். பிரைமர் மட்டும்தான் அடித்திருந்தது, கதவைத் திறந்து பார்த்தால் ஓரத்தில் பொட்டுகள் தெரியும். புத்தகத்தில் அறுபத்து நான்கு. நான் மூன்று முறை எண்ணினேன், முப்பத்தொன்றுதான் இருந்தது. பொட்டு இருந்திருக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு சின்ன வட்டம் போட்டேன், முப்பத்து மூன்று வட்டம், சிலது முட்டை மாதிரி வந்தது. யார் பார்க்க வேண்டும் என்று போட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முதலில் வந்தது உன் அப்பா. குனிந்து பார்த்தார், முழங்கால் வலியோடு உட்கார்ந்து சக்கர வளைவு வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கை துடைக்கிற துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். அண்ணன் வருவதற்குள் துடைக்க வேண்டும் என்று அவசரமாகத் துடைத்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கண்ணாடி அறைக்குள் போய் அன்று சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தையும் அடிக்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ பேசி வைத்ததும் சமையலறையில் வைத்து அவரிடம் கேட்டுவிட்டேன். சத்தமாகக்கூட இல்லை, தட்டைக் கழுவிக்கொண்டே, எதற்காகத் துடைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா, நீ வட்டம் போட்ட எடம் பூராவும் எனக்கு இங்க வலிக்குது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அத அப்படியே வெட்டி எடுத்துட்டு நேரா வைக்க எனக்கு ரெண்டு நாள் போதும், உள்தகடு நல்லாத்தான் இருக்கு என்றார். பிறகு ஏன் என்றேன். அண்ணன எதுத்தா அன்னைக்கே பட்டறையப் பிரிச்சிடுவாரு, பத்திரமெல்லாம் அவர் பேர்ல இருக்கு, எனக்கு ஒரு மூலகூட மிஞ்சாது என்றார். மிஞ்சாவிட்டால் போகட்டும், உங்கள் கைக்கு வேலை எங்கேயும் கிடைக்கும் என்றேன், நானா அப்படிப் பேசினேன் என்று இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. அதற்கு அவர், எனக்குக் கெடைக்கும், பொண்ணு வந்தா எங்க நிப்பா, அவ வந்து நிக்க ஒரு எடம் வேணும்ல என்றார். இதுதான் அவர் சொன்னது, நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன்னுடைய வெல்டிங் முகமூடி இன்னும் பின்சுவரில் அதே ஆணியில்தான் தொங்குகிறது. யாரும் எடுத்துப் போடக்கூடாது, சனிக்கிழமை அதன் கண்ணாடியை அவரே துடைத்து மாட்டுவார். பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடா நெருப்பு வேல என்று உன்னை அனுப்பிவைத்த அதே உன் பெரியப்பா, இப்போது வருகிறவர்களிடம் என் தம்பி மகள் பெரிய தொழிற்சாலையில் இருக்கிறாள், நான் கற்றுக்கொடுத்த வேலை என்கிறார். கேட்டுக்கொண்டு அப்பா முகமூடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அண்ணன் சொல்கிற ஒவ்வொரு கோணல் வேலையையும் உனக்காகச் சகித்துக்கொள்வதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீ வந்து நிற்கப்போகிற இடத்தை அவர் எதைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார் என்று பார்.

ஆசீர்வாதம் செய்கிற வயது எனக்கில்லை, ஆனாலும் உன் கண்ணும் கையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், உன்னைப் பார்த்துக் குரலை உயர்த்துகிறவர்கள் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் தயங்க வேண்டும். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, சாப்பிட்டேன் என்று நீ சொல்வதில் பாதி பொய் என்று எனக்குத் தெரியும். கண் பரிசோதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை போக வேண்டும் என்று நீயே சொன்னாய், கணக்குப்படி அது இந்த மாதம், மறந்துவிடாதே.

இனி ஒன்றுதான் பாக்கி, இத்தனை பக்கமும் அதைத் தள்ளிப்போடத்தான் எழுதினேன் என்று நினைக்கிறேன். பெயிண்ட்காரர் வருகிற புதன்கிழமைக்கு அடுத்த புதன்கிழமை வந்துவிடுவார். அவர் கை வைத்துவிட்டால் அந்தப் பேனலை இனி யாரும் வெட்ட மாட்டார்கள், பளபளப்பாக இருக்கிற ஒன்றை வெட்டச் சொல்ல ஒருவருக்கும் மனம் வராது, அப்பா கையெழுத்துப் போடுவார், சின்னவள் அந்தப் பக்கம் உட்காருவாள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது, நீ பேசுவாய். நீ வந்ததும் பாத்துக்கலாம் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் நீ அங்கே மழையா என்று கேட்கிறாய். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், எனக்குக் கேட்கிறது. போன மாதம் மூன்று கதவு அலமாரி வாங்கினேன் என்று சொன்னாய். திரும்பி வருகிறவர்கள் மூன்று கதவு அலமாரி வாங்குவதில்லை. அதில் தப்பு ஒன்றுமில்லை, உன்னிடத்தில் நான் இருந்தாலும் வரமாட்டேன், இங்கே என்ன இருக்கிறது, ஒரு வெள்ளைச் சட்டை. ஆனால் அப்பாவுக்கு அது தெரியாது. வரப்போவதில்லை என்றால் அதை இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் உன் வாயால் சொல்லிவிடு. அவர் அழுவார், நான் பார்த்துக்கொள்கிறேன். திங்கள் காலையில் தகடு வெட்டுகிற கிரைண்டரை எடுத்துக்கொண்டு அந்தக் காருக்குப் போவார், அதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். வருவாய் என்றால் அதையும் சொல், எப்போது என்று சொல், இப்படிக் காப்பாற்றின இடம் எனக்கு வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல். இரண்டில் எதுவானாலும் சரி, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் சித்தி